போனவர் திரும்பவில்லை என்று எழுதியது யார்?



கொரோனா முடிந்துபோன கதை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. விமானங்கள் நிரம்பி வழிகின்றன. முகக்கவசத்தைக் கழற்றிக் கடாசியாச்சு. ஆனால் நம் தெருக்களில் இன்னும் தீராத கணக்கு ஒன்று கிடக்கிறது. லீவில் ஊருக்கு வந்து, கையில் விசாவை வைத்துக்கொண்டே வேலைக்குத் திரும்பிப் போக முடியாமல் போனவர்களின் கணக்கு. அதை எந்தச் சட்டமன்றமும் கேட்கவில்லை, எந்தப் பெரிய பத்திரிகையும் முழுசாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தான் என்பதால் இந்த இதழின் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். சவுதி அரேபியாவில் வேலை செய்கிறவர் ஊருக்கு வரணும்னா பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்தால் போதாது. 'எக்ஸிட் ரீ-என்ட்ரி' என்று ஒன்று வேண்டும். வெளியே போகவும் அனுமதி, திரும்பி உள்ளே வரவும் அனுமதி. இரண்டு மாதத்துக்கு 200 ரியால். அதற்கு மேல் மாதம் ஒன்றுக்கு 100 ரியால். முதலாளி மனசு வைத்தால்தான் அது கிடைக்கும் என்பதுதான் நீண்டகால நிலைமை. 2021 மார்ச் 14இல் ஒரு தொழிலாளர் சீர்திருத்தம் வந்தது. இனி முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே தொழிலாளி ரீ-என்ட்ரி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுவேலை செய்கிற பெண்கள், வீட்டு டிரைவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், தோட்டக்காரர்கள் இதில் சேர்த்தி இல்லை. யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்கு இல்லை.

ரீ-என்ட்ரியில் போட்ட தேதிக்குள் திரும்பவில்லையானால் பதிவேட்டில் 'போனார், திரும்பவில்லை' என்று ஏறும். அப்படி ஏறிவிட்டால் பழைய முதலாளியே மறுபடி கூப்பிட்டாலொழிய மூன்று வருஷத்துக்கு வேறு யாரிடமும் வேலைக்குப் போக முடியாது. இதுதான் அன்றைய விதி. 2024 ஜனவரியில் இந்த மூன்று வருஷத் தடையை நீக்கியதாகச் செய்தி வந்தது. கொரோனாக் காலத்தில் அது கத்தி மாதிரி தலைக்கு மேலே தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 2020 மார்ச் 15இல் சவுதி சர்வதேச விமானங்களை நிறுத்தியது. மார்ச் 23 முதல் இந்தியாவும் நிறுத்தியது. இந்தியாவில் வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27இல். இரண்டு வருஷம்! நடுவில் பறந்ததெல்லாம் மீட்பு விமானம், சிறப்பு விமானம், இரு நாடுகள் பேசி வைத்துக்கொண்ட 'ஏர் பபுள்' விமானம். சவுதி 2020 செப்டம்பர் 22இல் இந்தியா, பிரேசில், அர்ஜென்டினா மூன்றுக்கும் கதவைச் சாத்தியது. 2021 பிப்ரவரி 3இல் இந்தியா உட்பட 20 நாடுகளுக்குச் சாத்தியது. சவுதியிலேயே இரண்டு டோஸ் ஊசி போட்டிருந்தவர்களை மட்டும் 2021 ஆகஸ்ட் கடைசியில் நேராக உள்ளே விட்டார்கள். இந்தியாவிலிருந்து மற்றவர்களும் நேராகப் போகலாம் என்றானது 2021 டிசம்பர் 1இல்தான்.

சவுதி அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மன்னர் ஆணையின்படி இகாமாவையும் ரீ-என்ட்ரியையும் காசு வாங்காமல் நீட்டித்தார்கள். 2021 ஜூன் 2 வரை, ஜூலை 31 வரை, ஆகஸ்ட் 31 வரை என்று தள்ளிக்கொண்டே போய் 2022 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். ஆனால் விசா உயிரோடு இருக்கிறது, வழி மட்டும் செத்துப்போச்சு. அப்படிப்பட்ட விசாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அங்கேதான் 'மூன்றாம் நாடு' என்ற வியாபாரம் முளைத்தது. இந்தியாவிலிருந்து நேராகப் போகக்கூடாது. ஆனால் தடை இல்லாத இன்னொரு நாட்டில் 14 நாள் தங்கிவிட்டு அங்கிருந்து போகலாம். படித்தவர்கள் இதை வசதி என்பார்கள். நாம் இதைக் கூலி என்றுதான் சொல்ல வேண்டும். ஏன்னா வேலைக்குப் போக நாம்தான் கூலி கொடுத்தோம்.

எங்க தெருவில் ஒரு தம்பி, கம்பி கட்டுகிற வேலை. தம்மாமில் ஏழு வருஷம். 2020 ஜனவரியில் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவர். இங்கிலீஷில் வருகிற கடுதாசியைப் படிச்சுச் சொல்ல என்கிட்டதான் வருவார். கல்யாணத்துக்கு வாங்கின கடன் அப்படியே நிற்க, பத்து மாசம் ஏரி வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்க் காலத்தை ஓட்டினார். அப்புறம் ஒரு ஏஜென்ட் துபாய் வழியாக அனுப்புகிறேன் என்றான். டிக்கெட், விசிட் விசா, லாட்ஜ், சாப்பாடு, டெஸ்ட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மனைவி பெயரில் குழு லோன் கொஞ்சம், மீதி மீட்டர் வட்டி. 2021 ஜனவரி மூன்றாவது வாரம் போய் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்தார். பன்னிரண்டு நாள் முடிந்திருந்தது. பிப்ரவரி 3 ராத்திரி வந்த 20 நாட்டுப் பட்டியலில் ஐக்கிய அரபு அமீரகமும் இருந்தது. துபாயிலிருந்தும் போக முடியாது!

இவர் ஒருத்தர் கதை இல்லை இது. அன்றைக்குத் துபாயிலும் சுற்றுவட்டாரத்திலும் சிக்கிக்கொண்ட இந்தியத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில். அபுதாபியிலிருந்த நம் தூதரகம் சொன்ன வழி, ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்பதுதான். போனில் அந்தத் தம்பி என்னிடம் கேட்டார்: “அண்ணே, எனக்குக் கொரோனா இல்லைன்னு மூணு சீட்டு வெச்சிருக்கேன். விசாவும் இருக்கு. அப்ப நான் எதனால போகக்கூடாது?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த அதிகாரியும் முன்வரவில்லை. அவர் திரும்பி வந்தார். கம்பெனிக்காரர்கள் ஆறு மாசம் போனை எடுத்தார்கள், அப்புறம் எடுக்கவில்லை. அங்கே வேறு ஆள் வைத்தாச்சு. 2022இல் விசா செத்தது. பதிவேட்டில் ஏறியது: 'போனார், திரும்பவில்லை.' ஏழு வருஷ வேலைக்கான சர்வீஸ் பணம்? சவுதி தொழிலாளர் சட்டத்தின் 84ஆம் பிரிவுப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்குப் போட வேண்டிய பணம். ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை யாரிடம் கேட்பது?

துபாய் அடைபட்டதும் வழி நேபாளத்துக்குத் திரும்பியது. 2021 ஏப்ரல் 28இல் நேபாளம், எங்கள் நாட்டு வழியாக வேறு நாட்டுக்குப் போக வராதீர்கள் என்றது. மாலத்தீவு மே 13இல் தெற்காசியர்களுக்குக் கதவை மூடியது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் ஆர்மீனியா, செர்பியா என்று போனார்கள். அரபு தேசத்துக்குப் போகிறவன் எதற்குச் செர்பியாவில் குளிரில் நடுங்க வேண்டும்? நோயைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்றால், ஒரு நாட்டைத் தாண்ட வேண்டியவனை மூன்று நாடு சுற்றவிடுவது எந்த ஊர் மருத்துவம்?

தடுப்பூசி வந்தால் விடிவு வரும் என்றார்கள். அதிலும் சிக்கல் வந்தது. 2021 மே மாதம் இந்திய அரசு கோவிஷீல்டு இரண்டு டோஸ்களுக்கு நடுவே 12 முதல் 16 வாரம் இடைவெளி என்று நீட்டியது. அதுவரை விசா காத்திருக்குமா? கூச்சல் எழுந்த பிறகு ஜூன் 7இல், வெளிநாடு போகிற மாணவர்கள், வேலைக்காரர்கள், ஒலிம்பிக் வீரர்களுக்கு மட்டும் 28 நாளில் போடலாம் என்று தளர்த்தினார்கள். கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது 2021 நவம்பர் 3இல். அதுவரை பல நாடுகளின் கணக்கில் அவர்கள் ஊசியே போடாதவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றபோது, 'அய்யா உனக்கு எந்த ஊசி வேணும், நீ எந்த நாட்டுக்குப் போகணும்' என்று யாராவது கேட்டார்களா? அன்றைக்கு வந்த பெட்டியில் எது இருந்ததோ அதைப் போட்டார்கள்.

சரி, கதவு எல்லாருக்கும்தான் அடைபட்டதா? அதையும் பார்த்துவிடுவோம். 2021 ஏப்ரலில் அமீரகம் இந்திய விமானங்களை நிறுத்தியபோது விதிவிலக்குப் பட்டியலில் இருந்தவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள், தூதர்கள், அரசுக் குழுவினர், கோல்டன் விசா வைத்திருப்பவர்கள், சொந்த ஜெட் விமானத்தில் வருகிற வியாபாரிகள். சொந்த ஜெட்டில் வந்தால் கிருமி கூட மரியாதையாக ஒதுங்கி நிற்குமோ? 2020இல் ஐபிஎல் கிரிக்கெட் முழுவதும் அமீரகத்தில்தான் நடந்தது. 2021இல் பாதியில் நின்ற போட்டியும் செப்டம்பரில் அங்கேதான் தொடர்ந்தது. விளையாடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பந்து போடுகிறவனைப் பாதுகாப்பாகக் கொண்டுபோகத் தெரிந்த உலகத்துக்கு, கம்பி கட்டுகிறவனைக் கொண்டுபோகத் தெரியாமல் போனது எப்படி என்றுதான் கேட்கிறேன்.

இதை வைத்து அரபுக்காரன் மோசம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது ஒரு மதத்தின், ஒரு இனத்தின் குணம் இல்லை. ஜப்பானைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் நாடுகளின் பட்டியல் ஒன்று போட்டு, அந்த நாடுகளுக்குப் போன வெளிநாட்டவரைத் திரும்ப விடமாட்டோம் என்றது. மே மாதக் கடைசியில் இந்தியாவும் பட்டியலில் ஏறியது. இருபது வருஷம் அங்கேயே வரி கட்டி, பிள்ளை பெற்று, வீடு வாங்கி, நிரந்தரக் குடியிருப்பு உரிமையும் வைத்திருந்தவர்கள் கூட அப்பனைப் புதைக்கப் போனால் திரும்ப முடியுமா என்று பயந்து கிடந்தார்கள். அதே விமானத்தில் வருகிற ஜப்பானியக் குடிமகன் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 2020 செப்டம்பர் 1 முதல்தான் முன் அனுமதிக் கடிதத்தோடு குடியிருப்பாளர்கள் திரும்பலாம் என்று இறங்கி வந்தார்கள். ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போனது. 2021 மே 3 முதல் 15 வரை இந்தியாவிலிருந்து தன் சொந்தக் குடிமக்கள் திரும்பினாலே ஐந்தாண்டு வரை சிறை, 66,600 டாலர் வரை அபராதம் என்று ஆணை போட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நோய் உச்சத்தில் இருந்தபோது அங்கிருந்து வந்தவர்களுக்கு இப்படி ஒரு ஆணை போடவில்லை என்பதை ஆஸ்திரேலியர்களே சுட்டிக்காட்டினார்கள்.

நம் அரசுக்கு இதில் பேச வாய் உண்டா? 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு அறிவித்து, நாலு மணி நேரத்தில் நாட்டையே பூட்டியது இந்த அரசு. சொந்த ஊருக்குத் திரும்பி வந்த கூலிக்காரர்களை மார்ச் கடைசியில் பரேலியில் ரோட்டில் உட்காரவைத்துக் கிருமிநாசினி அடித்தார்கள், வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற மாதிரி. வெளிநாட்டில் சிக்கியவர்களைக் கொண்டுவர மே 7இல் தொடங்கிய வந்தே பாரத் விமானத்துக்கும் டிக்கெட் காசு பயணிதான் கட்டினார். ஊர் என்று ஒன்று, சேரி என்று ஒன்று பிரித்து வைத்து, யார் எந்தத் தெருவுக்குள் நுழையலாம் என்று நோயே இல்லாத காலத்திலும் வரையறுத்து வைத்திருக்கிற நாடு இது. நுழைவு மறுக்கப்படுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் இது புதுசே இல்லை என்று தெரியும். நம் முப்பாட்டன்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனபோது ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இலங்கை அரசு முகாம் வைத்திருந்தது. காலரா, பெரியம்மை, பிளேக் பயம். தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அங்கே அடைத்து, துணியை அவித்து, அம்மை குத்தி, அதற்குப் பிறகுதான் கப்பலேற்றினார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தோட்டத்துக்குள் போனால் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கூலியின் கடனை யாராவது கட்டினால் அவனை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தருகிற சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இப்போது சீட்டு போய் செல்போனில் ஆப் வந்திருக்கிறது, துரை போய் கஃபீல் வந்திருக்கிறார், கங்காணி போய் ஏஜென்ட் வந்திருக்கிறான். கடன் மட்டும் அதே கடன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோய் பொய் என்று பேசுகிற கூட்டத்தோடு நமக்குச் சம்பந்தம் இல்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜன் இல்லாமல் செத்தவர்களில் நம் சொந்தங்களும் உண்டு. டெஸ்ட் எடு என்றால் எடுக்கிறோம். தனியாக இரு என்றால் இருக்கிறோம். ஊசி போடு என்றால் கை நீட்டுகிறோம். இவை உடம்பைப் பார்த்துப் போடுகிற கட்டுப்பாடுகள். பாஸ்போர்ட்டைப் பார்த்து, பணத்தைப் பார்த்துக் கதவைச் சாத்துவது வேறு. முன்னது மருத்துவம், பின்னது பாகுபாடு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி விற்கப் பார்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1990இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 38ஆம் பிரிவு, தொழிலாளி தற்காலிகமாக ஊருக்குப் போய்வந்தால் அவருடைய தங்கும் உரிமையும் வேலை உரிமையும் பாதிக்கப்படாமலிருக்க அரசுகள் எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. ஆட்களை வாங்குகிற எந்த வளைகுடா நாடும் இதை ஏற்கவில்லை. ஆட்களை அனுப்புகிற இந்தியாவும் ஏற்கவில்லை! 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளின் 40ஆம் பிரிவு, பயணியைத் தனிமைப்படுத்தும் செலவை அவரிடமே வாங்கக்கூடாது என்கிறது. ஆனால் ஒரு விலக்கு: தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியிருக்க அனுமதி நாடி வருகிறவர்களுக்கு இது பொருந்தாது. சுற்றிப்பார்க்க வருகிறவனுக்குச் சலுகை, உழைக்க வருகிறவனுக்கு பில்.

2025 மே 20இல் உலக நாடுகள் கூடிப் புதிய பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றை ஏற்றன. மருந்து, தடுப்பூசி, கிருமி மாதிரிகளைப் பகிர்ந்துகொள்வது பற்றியெல்லாம் பேசுகிறது. ஆனால் பயணிகளை ஏற்கச் சொல்லியோ தடுக்கச் சொல்லியோ எந்த நாட்டுக்கும் உத்தரவிடும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்கு இல்லை என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அர்த்தம் என்ன? அடுத்த நோய் வரும்போதும் கதவுச் சாவி அந்தந்த அரசின் கையில்தான். அடுத்த தடவையும் வாசலில் நிற்கப் போவது நாம்தான். அதனால்தான் முடிந்துபோன கதை என்று விட முடியாது. இப்போதே பேச வேண்டும்.

நம் கோரிக்கைகள் இவை:

ஒன்று, இந்திய அரசு 1990 உடன்படிக்கையில் கையெழுத்திட்டு ஏற்க வேண்டும். தன் தொழிலாளியின் உரிமையை எழுத்தில் ஏற்காத அரசு, அடுத்த நாட்டிடம் அதை எப்படிக் கேட்கும்?

இரண்டு, வளைகுடா நாடுகளோடு போடுகிற தொழிலாளர் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ஒரு விதி வேண்டும். அரசுகள் வழியை அடைத்ததால் திரும்ப முடியாமல் போனவரின் விசா, வேலை, சர்வீஸ் எதுவும் அறுபடக்கூடாது. 'திரும்பவில்லை' என்று அவர் தலையில் எழுதக்கூடாது.

மூன்று, டெஸ்ட், தனிமைப்படுத்தல், சுற்றுவழிப் பயணம் ஆகியவற்றின் செலவு முதலாளியுடையது. அவர் கட்டாதபோது 2009 முதல் தூதரகங்களில் இருக்கிற இந்தியச் சமூக நலநிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த நிதி தூதரகச் சேவைகளுக்கு நாம் கட்டுகிற கட்டணத்தில் சேர்ந்த பணம். தர்மம் இல்லை.

நான்கு, நின்றுபோன சம்பளத்தையும் சர்வீஸ் பணத்தையும் ஊரிலிருந்தபடியே கேட்டு வாங்க மாவட்டந்தோறும் தமிழில் மனு எழுதித் தருகிற ஒரு அலுவலகம் வேண்டும். வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் 2011இல் நிறைவேறியது. வாரியம் அமைய அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. வாரியம் அமெரிக்கத் தமிழரின் முதலீட்டைத் தேடுவதோடு, தம்மாமில் சம்பளம் போனவரையும் தேட வேண்டும்.

ஐந்து, 2020 முதல் 2022 வரை திரும்பிப் போக முடியாமல் போனவர்களைக் கிராமவாரியாகக் கணக்கெடுத்து, அதற்காக வாங்கின கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

இதெல்லாம் கேட்டால் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கேட்காமல் நமக்கு எது கிடைத்தது? முதல் வேலையாக நாமே கணக்கெடுப்போம். உங்கள் தெருவில், பக்கத்துத் தெருவில் இப்படி வேலை போனவர்கள் யார், எந்த நாடு, எத்தனை வருஷ சர்வீஸ், வர வேண்டிய பணம் எவ்வளவு, வாங்கின கடன் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழைய இகாமா நகல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள் எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெண்கள் வீட்டுவேலைக்குப் போன விவரத்தை மறக்காமல் கேளுங்கள், அவர்கள் கணக்கு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. எழுதினதை நம் முகவரிக்கு அனுப்புங்கள். சேர்த்து அச்சடித்து மாவட்ட ஆட்சியர் மேசையிலும் அமைச்சர் மேசையிலும் வைப்போம்.

— ஆசிரியர்